குதிரை ஈ: வளரும் இடமும் கடிக்கும் விதமும்
(செமோர் வட்டாரத்தில் மாடு வளர்ப்போரிடம் ஆற்றிய உரை)



மண்டபத்துக்குள் நுழையும்போதே ஒரு பெரியவர் கேட்டார்: "கொசுவுக்குப் புகை அடிக்கிறீங்களே, இந்த மாட்டு ஈக்கும் ஒரு தடவை அடிச்சா என்ன?" நியாயமான கேள்விதான். இந்த ஈ எங்கே பிறக்கிறது என்று தெரிந்தால் அதற்குப் பதிலும் தெரிந்துவிடும்.

நாம் மாட்டு ஈ என்கிறோம். மலாய்க்காரர்கள் பிக்காட் என்பார்கள். புத்தகத்தில் இதன் பெயர் குதிரை ஈ. சாணக் குவியலில்தான் இது பிறக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சாணமும் மக்கிய வைக்கோலும் கலந்த இடத்தில் பிறப்பது தொழுவ ஈ. அதுவும் கடிக்கும், ஆனால் வீட்டு ஈ அளவுதான் இருக்கும். குதிரை ஈ அதைவிடப் பெரியது. அதற்கு வேண்டியது ஈரச் சேறு. ஓடை, கால்வாய், குட்டை ஆகியவற்றின் ஓரத்தில் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்த புல்லிலும் இலையிலும் பெண் ஈ நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே திரளாக இடும். சில நாளில் புழுக்கள் பொரித்துக் கீழே விழுந்து சேற்றுக்குள் புகுந்துவிடும். அங்கே மண்புழுவையும் மற்றப் பூச்சிகளின் புழுக்களையும் தின்று மாதக்கணக்கில்கூட வளரும். பிறகு சற்றுக் காய்ந்த மண்ணுக்கு ஏறி, கூட்டுப்புழுவாகி, ஈயாகப் பறக்கும்.

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய குட்டைகள், பழைய ரப்பர் தோட்டத்து வடிகால்கள், செம்பனை ஓரத்துச் சதுப்பு. இவற்றின் கரைச் சேற்றுக்குள் இருக்கும் புழுவைப் புகை எட்டாது. மருந்தை ஊற்றினால் மீன் சாகும், புழு தப்பிக்கும். அதனால்தான் புகை அடிப்பதில்லை.

கடிப்பது பெண் ஈ மட்டுமே. ஆண் ஈ பூந்தேன் குடித்து வாழும். பெரும்பாலும் நல்ல வெயில் நேரத்தில், கறுத்த நிறத்தையும் அசைவையும் மூச்சுக்காற்றையும் தேடி வரும். என் தாத்தா மாலையில் தொழுவத்தில் புகைமூட்டம் போடுவார். கொசுவுக்கு அது சரி. குதிரை ஈ நண்பகலிலேயே வந்து போயிருக்கும்.

கொசு ஊசி போடுவதுபோலக் குத்தும். இது கத்தியால் அறுப்பதுபோலத் தோலைக் கிழித்து, கசியும் இரத்தத்தை நக்கும். வலி தாங்காமல் மாடு வாலை வீசும். பாதி குடித்த ஈ இரத்தம் ஒட்டிய வாயோடு பக்கத்து மாட்டுக்குத் தாவும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சர்ரா என்ற நோயின் கிருமி இப்படித்தான் மாடு விட்டு மாடு போகிறது. 1880ஆம் ஆண்டில் அன்றைய பஞ்சாபில், நோயுற்ற குதிரை, ஒட்டகங்களின் இரத்தத்தில் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் இக்கிருமியைக் கண்டார். நம் நாட்டிலும் அது உண்டு. 2003ஆம் ஆண்டில் சிலாங்கூர், சுங்கை டூசுனில் பராமரிக்கப்பட்ட சுமாத்ரா காண்டாமிருகங்கள் சில வாரங்களுக்குள் இறந்தபோது, சந்தேகிக்கப்பட்ட காரணங்களில் சர்ராவும் ஒன்று.

காய்ச்சல் விட்டுவிட்டு வரும். தீனி தின்றும் மாடு இளைக்கும், பால் குறையும், கன்று கலையும். சில மாடுகளிலும் எருமைகளிலும் எந்த அறிகுறியும் தெரியாது. சந்தையில் கொழுத்த மாடாகப் பார்த்து வாங்கி வருவோம். அதனுடன் நோயும் தொழுவத்துக்குள் வந்துவிடும்.

மனிதருக்கு இந்த நோய் வருமா? மிக மிக அரிது. 2004ஆம் ஆண்டில் மகாராஷ்டிராவில் ஒரு விவசாயிக்கு வந்தது, சிகிச்சையில் குணமானார். ஆகவே பயப்பட வேண்டாம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள், சொறியாதீர்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெயிலில் வேலை செய்பவர்கள் வெளிர் நிற முழுக்கைச் சட்டை போடுவது நல்லது.

மாட்டுக்கு என்ன செய்யலாம்? நண்பகலில் குட்டைக் கரையில் கட்டாதீர்கள். கூரை உள்ள தொழுவத்துக்குள் இந்த ஈ எளிதில் நுழையாது. அந்த நேரம் உள்ளே கட்டுங்கள். புல்லையும் வடிகாலையும் வெட்டி வைத்தால் உங்கள் வேலிக்குள் முட்டை குறையும், ஆனால் பக்கத்துக் குட்டையிலிருந்து பறந்து வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் 2019ஆம் ஆண்டில் கறுப்பு மாடுகளுக்கு வரிக்குதிரைபோல வெள்ளைக் கோடு போட்டுப் பார்த்தார்கள். ஈக்கடி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சிரிக்கிறீர்கள். சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம், அது தோலைப் புண்ணாக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இது: நலிந்த மாட்டை மற்ற மாடுகளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கிருமி ஈயின் வாயில் கொஞ்ச நேரமே உயிரோடிருக்கும். பக்கத்தில் வேறு மாடு இல்லையென்றால் ஈ திரும்பவும் அதே மாட்டைத்தான் கடிக்கும். புதிதாக வாங்கிய மாட்டையும் இரத்தப் பரிசோதனை முடியும்வரை தள்ளியே கட்டுங்கள். ஒரு மாட்டுக்குப் போட்ட ஊசியை இன்னொன்றுக்குப் போடக்கூடாது. செத்த மாட்டின் இறைச்சியை நாய்க்குப் போடாதீர்கள், நாய்க்கும் சர்ரா வரும்.

இரத்தம் எடுக்கக் கால்நடைச் சேவைத் துறையிடம் சொல்லுங்கள். கால்நடை ஆராய்ச்சிக் கழகம் 1948 முதல் நம் ஈப்போவிலேயே இருக்கிறது. மாடு படுத்த பிறகு கூப்பிடாமல், இளைக்கத் தொடங்கும்போதே கூப்பிடுங்கள். வேறு கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.