வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே



கோடை விடுமுறை வந்துவிட்டால் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் வீடு தேடி அலைகிறவர்களைப் பார்க்கலாம். மருத்துவக் கல்லூரியில் வேலை கிடைத்தவர்கள், வங்கிக்கு மாற்றலாகி வருகிறவர்கள், அரசு ரப்பர் கழகத்திலும் மின்வாரியத்திலும் பணியில் சேருகிறவர்கள், வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு சொந்த மண்ணுக்குத் திரும்புகிறவர்கள் எனப் பலர் வருகிறார்கள். கூடவே நான்கைந்து வயதில் ஒரு பிள்ளை நிற்கும்.

நல்ல வாடகை வீடு எங்கே இருக்கிறது என்று ஒருவரிடம் கேட்கிறார்கள். நல்ல பள்ளிக்கூடம் எது என்று இன்னொருவரிடம் கேட்கிறார்கள். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் இந்த இரண்டையும் பிரிக்கவே கூடாது. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே பிள்ளை தினமும் போய்வரும் வழி எப்படிப்பட்டது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்று உங்களிடம் நான் வலியுறுத்த வந்தது இதைத்தான்.

நம் ஊர் சமதளமான ஊர் அல்ல. ஏற்றமும் இறக்கமும் வளைவுமாகக் கிடக்கிறது. ஒரு பக்கம் ரப்பர் தோட்டம், மறுபக்கம் சானல். பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. அந்த அணையின் தண்ணீரும் பெருஞ்சாணி அணையின் தண்ணீரும் ஓடும் சானல்கள் இந்தப் பகுதி முழுக்கப் பரந்து கிடக்கின்றன. சானல்கரையில் வீடு கிடைத்தால் காற்றும் குளிர்ச்சியும் தாராளம். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை நடந்து போகும் பாதையும் அதே கரைதானா, தண்ணீர்ப் பக்கம் தடுப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மழையையும் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கு வடகிழக்குப் பருவம்தான் பெரிய மழை. நமக்கு இரண்டு பருவமும் உண்டு. ஜூனில் பள்ளி திறப்பதும் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதும் ஒன்றாகவே நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி கொட்டும். பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி. நீர்மட்டம் உயர்ந்து உபரிநீரைத் திறந்துவிட்டால் கோதையாறு பெருகும். திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். அந்த நாட்களில் எந்தச் சாலையில் தண்ணீர் ஏறும், எந்த இறக்கம் வழுக்கும் என்பது அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். மே மாத வெயிலில் வீடு பார்க்க வருகிறவர்களுக்கு அது கண்ணில் படாது. வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல், பக்கத்துக் கடைக்காரரிடமும் ஆட்டோ ஓட்டுகிறவரிடமும் கேளுங்கள்.

ரப்பர் தோட்டத்துக்குள் தனியாக நிற்கும் வீடு பார்க்க அழகு, வாடகையும் குறைவு. ஆனால் மழைக்காலத்தில் மரத்தில் கட்டிய பால் சிரட்டைகளைக் கவிழ்க்காமல் விட்டால், தேங்கும் தண்ணீரில் டெங்கு பரப்பும் கொசு பெருகும். பால்வெட்டுத் தொழிலாளர்கள் விடியும் முன்பே வேலைக்கு இறங்கிவிடுவார்கள். காலையில் நமக்கு ஓர் அவசரம் என்றால் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது? கூப்பிடு தூரத்தில் இரண்டு வீடாவது இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வீடுகளில் நம் பிள்ளை வயதில் ஒரு பிள்ளையும் இருந்துவிட்டால், அதைவிட நல்ல அக்கம்பக்கம் வேறில்லை.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலில் நின்றது நம் கன்னியாகுமரி மாவட்டம், 91.75 விழுக்காடு. ஆகவே இங்கே பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, மெட்ரிக், சிபிஎஸ்இ என்று எல்லாமே அருகருகே இருக்கின்றன. அதனால்தான் குழப்பமும் வருகிறது.

ஒரு செய்தியைத் தெளிவாக்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சமச்சீர்க் கல்வி வந்தபின், 2011-12 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளியிலும் மெட்ரிக் பள்ளியிலும் பத்தாம் வகுப்பு வரை பொதுப் பாடத்திட்டம்தான். ஆகவே பெயர்ப்பலகையை விட்டுவிட்டு உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். பிள்ளை சேரும் வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். கழிப்பறையையும் குடிநீரையும் நேரில் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்தவர்கள் நாம். கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறைச் சான்றும் இருக்கிறதா என்று கேட்பதில் பெற்றோருக்குக் கூச்சமே வேண்டாம். தனியார் பள்ளி என்றால், கட்டண நிர்ணயக் குழு முடிவுசெய்த கட்டணம் எவ்வளவு என்றும் கேட்கலாம். அதற்கு 2009 முதல் சட்டம் இருக்கிறது.

பெயருக்காகத் தொலைவிலுள்ள பள்ளியில் சேர்த்து, தினமும் வேனில் அனுப்பும் வழக்கம் பெருகிவிட்டது. இதைப் பற்றி மனம்விட்டுச் சொல்ல வேண்டும். ஏழு மணிக்கு வேன் வரும் என்றால் பிள்ளையை ஆறு மணிக்கே எழுப்ப வேண்டும். பாதித் தூக்கத்தில் சாப்பிட்டும் சாப்பிடாமலும் போகும். சாயங்காலம் ஊரெல்லாம் சுற்றித் திரும்பும்போது விளையாட வெளிச்சம் இருக்காது. அந்தப் பிள்ளையின் கூட்டுக்காரர்கள் எல்லாரும் வேறு வேறு ஊர்க்காரர்கள். வீட்டுத் தெருவில் ஒருவரையும் தெரியாது. புது ஊருக்கு வந்த பிள்ளைக்கு ஊர் பழக வேண்டுமானால், வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை சாயங்காலம் கூப்பிடும் தூரத்தில் இருக்க வேண்டும். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்ட விதிகளே சொல்வது சும்மா இல்லை.

வேனைத் தவிர்க்க முடியாத குடும்பங்களும் உண்டு. 2012-இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தபின், பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. வண்டியில் உதவியாளர் இருக்கிறாரா, எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார்கள் என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பெற்றோர் இருவரும் காலையில் சீக்கிரம் வேலைக்குக் கிளம்பும் வீடுகளுக்கு, 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பெரிய கைத்தாங்கல். அரசுப் பள்ளி என்றாலே தயங்குகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. இன்று ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதே ஆறாம் வகுப்பையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டின் நடுவில் மாற்றலாகி வந்தவர்கள் பதறவேண்டாம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் அரசுப் பள்ளியும் உதவிபெறும் பள்ளியும் அதைக் காரணமாகச் சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு இது. பிள்ளைக்குத் தேர்வு வைத்து வடிகட்டவும் சட்டம் அனுமதிப்பதில்லை.

கேரளத்திலிருந்து வருகிறவர்களுக்கு மொழிக் கவலை இருக்கும். 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. இன்றும் மாவட்டத்தில் மலையாள வழிப் பள்ளிகள் உண்டு. தமிழ்நாட்டில் தமிழ் கட்டாயப் பாடம் என்று 2006-இல் சட்டம் வந்ததால், சின்ன வகுப்பிலேயே தமிழைத் தொடங்கிவிடுவது பிள்ளைக்கு எளிது. ஐந்து வயதுப் பிள்ளை, பேச ஆளிருந்தால் எந்த மொழியையும் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பள்ளி நடக்கும் நாளாகப் பார்த்து, காலை எட்டரை மணிக்கு, பிள்ளையின் கையைப் பிடித்து அந்த வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை நடந்து போங்கள். பிள்ளையின் வேகத்தில் நடங்கள். வழியில் எதைக் கண்டு பயப்படுகிறது, எங்கே களைத்து நிற்கிறது என்று கவனியுங்கள். அந்த வழி சரியாக இருந்தால் வீட்டில் ஓர் அறை குறைந்தாலும் பரவாயில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வந்த குடும்பம் வழி கேட்டால், பள்ளியின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். உங்கள் பிள்ளை போகும்போது அந்தப் பிள்ளையையும் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.