அம்ருதாஞ்சன் பாலம் வந்தாச்சு!
(உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)



மும்பை - புணே சாலையை உங்களில் பலர் அறிவீர்கள். விடியற்காலையில் புளியோதரைப் பொட்டலத்துடன் மாட்டுங்காவிலிருந்து கிளம்புவோம். கோபோலி தாண்டி மலை ஏறும்போது ஷிங்ரோபா கோயில். ஆங்கிலேயருக்கு மலைவழி காட்டிய இடையர் அவர் என்பார்கள். அப்பா ஒரு நாணயம் போடாமல் நகரமாட்டார்.

வளைவுகளில் அம்மாவுக்குத் தலைசுற்றும். "ஏன்னா, இன்னும் எத்தனை தூரம்?"

"இதோ, அம்ருதாஞ்சன் பாலம் வந்தாச்சு!"

அது 1830-ல் கட்டிய கல்பாலம். தைல விளம்பரப் பலகையால் வந்த பெயர். அந்தத் தைலம் 1893-ல் மும்பையில் பிறந்து பிறகு சென்னை போனது. நாம் அங்கிருந்து இங்கே வந்தோம்!

2002-ல் விரைவுச் சாலை வந்தது; ஷிங்ரோபா விலகிப் போனார். 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, பாலத்தையும் தகர்த்துவிட்டார்கள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார்.

சென்ற ஆண்டு அம்மாவை அழைத்துப் போனேன். கண்ணை மூடியபடி, "பாலம் வந்துடுத்தாடா?" என்றாள்.

"வந்தாச்சும்மா" என்றேன். பின்னாலிருந்து என் மகன், "எந்தப் பாலம்ப்பா?" என்றான். புணே வரும்வரை சொல்லிக்கொண்டே போனேன்.

உங்கள் பாதையிலும் இப்படி ஒன்று இருக்கும். குழந்தைகள் கேட்கும்வரை காத்திராமல் சொல்லிவிடுங்கள்.