போனவரா, வந்தவரா, திரும்பியவரா?



தமிழாசிரியன் ஒருவன் ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேச வருவானேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். ஒரு கட்டுரைக் கொப்பிதான் காரணம்.

கண்டிக்கு மேலே ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி, தன் பாட்டியின் அண்ணனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அவர் 1972இல் இந்தியா சென்று நீலகிரியில் குடியமர்ந்தவர். அவர் 'இமிக்ரேட்' செய்தார் என்று அவள் எழுத, ஆங்கில ஆசிரியர் சிவப்பு மையால் வெட்டி, 'ரிபேட்ரியேட்' செய்யப்பட்டார் என்று திருத்தியிருந்தார். "எது சேர் சரி?" என்று கொப்பியை என்னிடம் நீட்டினாள்.

'எமிக்ரேட்', 'இமிக்ரேட்' இரண்டும் ஒரே பயணத்தின் இரு முனைகள். விட்டுப்போகும் நாட்டில் நின்று பார்த்தால் முன்னது. போய்ச் சேரும் நாட்டில் நின்று பார்த்தால் பின்னது. இதில் தமிழுக்குத் தடுமாற்றமே இல்லை. கடவுச்சீட்டு வழங்கும் திணைக்களத்தின் பெயரைப் பாருங்கள்: குடிவரவு, குடியகல்வு. அதை ஆக்கியவர் யாரோ, நல்ல தமிழ்ச் செவி உடையவர்.

சிக்கல் மூன்றாவது சொல்லில்தான். இலத்தீனில் 'பேட்ரியா' என்றால் தந்தையர் நாடு. முன்னே நிற்கும் 'ரி' மீளுதலைக் குறிக்கும். தமிழ்நாட்டு அரசு ஏடுகள் இதனைத் 'தாயகம் திரும்பியோர்' என்றன. தந்தை தாயானார்; திரும்புதல் மட்டும் மாறவில்லை. திரும்புவதென்றால் முன்னர் அங்கிருந்து புறப்பட்டிருக்க வேண்டுமல்லவா? அந்தப் பெரியவர் பிறந்தது ஹந்தானை லயத்தில். அவருடைய தகப்பனும் அங்கேதான் பிறந்தார். போகும்வரை அவர் கடலைக் கண்டதே இல்லையாம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனோ பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. தோட்டத்தில் பிறந்த எத்தனை பேரிடம் அதற்கு அத்தாட்சி இருந்தது? அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின் பெயரிலேயே 'ரெசிடென்ட்' என்ற சொல் ஏறிக்கொண்டது. 'சிற்றிசன்' அல்ல, வதிபவன். குடியிருக்கலாம், குடிமகனாக வேண்டுமென்றால் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். இந்தியாவைக் கேட்டு விண்ணப்பித்தவர்களைவிட இலங்கையைக் கேட்டவர்களே அதிகம். ஆனால் கணக்கு முன்னமே போடப்பட்டிருந்தது.

மலையகத்துப் புகையிரத நிலையங்களில் அன்று எழுந்த ஒப்பாரியை முதியோர் இன்றும் சொல்வார்கள். கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். நடுக்கடலில் அவர்களுடைய பெயர் மாறியது. இங்கே 'இந்தியத் தமிழர்', அங்கே 'சிலோன்காரர்'. அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. மறுபடியும் அதே கொழுந்து, அதே கூடை! 1983க்குப் பின் கலவரத்துக்கு அஞ்சிக் கடல் கடந்த மலையகத்தவருக்கோ வாய்த்த சொல் 'அகதி'. அண்ணன் தாயகம் திரும்பியவன், தம்பி அகதி என்றான குடும்பங்களும் உண்டு. அண்ணனிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது, தம்பியிடம் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

மாணவிக்கு நான் சொன்னது இது: "சட்டத்தின்படி உன் ஆசிரியர் எழுதியது சரி. பரீட்சைக்கு அதைத் தெரிந்துவைத்துக்கொள். ஆனால், நீ ஹந்தானையில் நின்று எழுதுகிறாய். உன் கண்ணுக்கு அவர் இங்கிருந்து அகன்றவர். 'எமிக்ரேட்' என்று எழுதலாம்."

அவள் சற்று யோசித்தாள். "அவரு விரும்பிப் போகலையே சேர்," என்றாள்.

என்னிடம் மறுமொழி இல்லை. "வீட்டில் பாட்டி என்ன சொல்லிச் சொல்வார் என்று கேட்டு வா," என்று அனுப்பினேன்.

மறுநாள் வந்து சொன்னாள். பாட்டி முதலில் சிரித்தாராம். பிறகு, "எங்க அண்ணன் எங்கடி திரும்பிச்சு? போனது போனதுதான்," என்றாராம்.

அவள் கொப்பியில் இப்போது இருப்பது 'வென்ட்'.