இயங்குகிற கணினி



வானொலியில் இரைச்சல் வந்தால் நாம் அலைவரிசையைத் திருப்புவோம், இல்லாவிட்டால் ஏரியலை அசைத்துப் பார்ப்போம். 1980களின் தொடக்கத்தில் நெதர்லாந்து வானொலியில் ‘ஹொபிஸ்கூப்’ என்றொரு நிகழ்ச்சி இருந்தது. அதில் வேண்டுமென்றே இரைச்சலை ஒலிபரப்பினார்கள். கேட்டவர்கள் கோபிக்கவில்லை, கசெட்டில் பதிந்து வைத்துக்கொண்டார்கள். அந்தக் கசெட்டை வீட்டுக் கணினியோடு இணைத்து ஓடவிட்டால், சற்று முன் இரைச்சலாகக் கேட்டது ஒரு புரோகிராமாக ஓடும். பிரிட்டனில் பிபிசியும் ‘சிப் ஷொப்’ என்ற நிகழ்ச்சி மூலம் இதைச் செய்தது. யூகோஸ்லாவியாவில் பெல்கிரேட் வானொலியின் ‘வென்டிலேட்டர் 202’ நிகழ்ச்சியில் சோரன் மொட்லி என்ற அறிவிப்பாளர் பாட்டுகளுக்கு நடுவே கணினி விளையாட்டுகளை ஒலிபரப்பினார். அங்கே வெளிநாட்டுக் கணினியை இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு இருந்தது. அதனால் வொயா அன்டொனிச் என்ற பொறியியலாளர் ‘கலக்ஸியா’ என்றொரு கணினியை வடிவமைத்து, அதன் வரைபடத்தையே சஞ்சிகையில் வெளியிட்டார். வாசகர்கள் உதிரிப்பாகங்களை வாங்கித் தாங்களே பற்றவைத்துக் கட்டினார்கள்.

வானொலியில் இன்று பேசவிருப்பது அந்தக் காலத்து வீட்டுக் கணினிகளைப் பற்றி. குறிப்பாக, அவற்றை இன்றைக்கு எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதைப் பற்றி.

1982 ஏப்ரலில் லண்டனில் சின்கிளேயர் நிறுவனம் ‘ஸ்பெக்ட்ரம்’ என்ற கணினியை வெளியிட்டது. இறப்பர்ச் சாவிகள், ஒரு மூலையில் வானவில் கோடு, மெலிந்த ஒரு புத்தகத்தின் அளவு. 16 கிலோபைட் நினைவகம் கொண்டது 125 பவுண், 48 கிலோபைட் கொண்டது 175 பவுண். 48 கிலோபைட் என்றால் எவ்வளவு? இன்று வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் சொல்லி வருகிற ஒரு ரோஜாப்பூப் படம் அதற்குள் அடங்காது. திரைக்குத் தொலைக்காட்சிப் பெட்டி, சேமிப்புக்குச் சாதாரண கசெட் பிளேயர். நம் இலங்கையில் தொலைக்காட்சி வந்ததே 1979இல்தான், அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரியில். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி புதிதாக நுழைந்த அதே நேரத்தில், அதில் படம் பார்ப்பதோடு நிற்காமல் நாமே படம் போடலாம் என்று சொல்லி வந்த பெட்டி அது. இந்தியாவில் புனேயிலுள்ள டெசிபெல்ஸ் நிறுவனம் இதையே ‘டிபி ஸ்பெக்ட்ரம்’ என்ற பெயரில் செய்து விற்றது. அங்கே பள்ளிக்கூடங்களுக்கு 1984இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் போனது பிபிசி மைக்ரோ என்ற இன்னொரு பிரிட்டிஷ் கணினி.

பழைய யந்திரங்களைப் பாதுகாக்கிற ஓர் இடம் எங்கள் ஊரிலேயே உண்டு. நான் இருப்பது கடுகண்ணாவையில். இங்கே புகையிரத நிலையத்தை ஒட்டித் தேசிய புகையிரத நூதனசாலை இருக்கிறது. 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் ஓடியது. அதன் 150ஆவது ஆண்டு நாளில், 2014 டிசம்பர் 27இல், இந்த நூதனசாலையைத் திறந்தார்கள். பழைய என்ஜின்கள் பூச்சுப் பூசி அழகாக நிற்கின்றன. பிள்ளைகள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். என்ஜின் ஓடாவிட்டாலும் அதைப் பார்த்தாலே பாதி புரியும். சக்கரம் எது, அதைத் தள்ளுகிற தண்டு எது, புகை போகிற வழி எது என்று கண்ணாலேயே பிடித்துவிடலாம்.

கணினி அப்படியில்லை. கண்ணாடிப் பேழைக்குள் ஒரு ஸ்பெக்ட்ரத்தை வைத்தால் தெரிவது ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிதான். அதன் வேலை முழுவதும் உள்ளே ஓடுகிற மின்சாரத்தில் நடக்கிறது. ஓடாத கணினியைப் பார்த்து எதையும் விளங்கிக்கொள்ள முடியாது. பெட்டியை அப்படியே வைத்திருந்தால் அது ஓடும் என்றும் இல்லை. உள்ளேயிருக்கிற கொண்டன்சர்கள் வற்றிப்போகும் அல்லது கசியும். சாவிகளுக்கு அடியிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள் காய்ந்து வெடிக்கும். கசெட் பிளேயரின் இறப்பர்ப் பட்டி பிசின்போல உருகி ஒட்டிக்கொள்ளும். மலைநாட்டு ஈரத்தில் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

பழைய கணினியை ஓடவைத்துக் காட்டுவதற்கான வழிதான் எமுலேட்டர். பழைய கணினியைப் போலவே நடந்துகொள்கிற ஒரு மென்பொருள். உங்கள் கைத்தொலைபேசியிலோ மடிக்கணினியிலோ அதைத் திறந்தால், உள்ளே ஒரு ஸ்பெக்ட்ரம் இருப்பதுபோல அது செயற்படும். பழைய புரோகிராமுக்கு வித்தியாசமே தெரியாது, தான் 1982இல் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஓடும்.

இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஸ்பெக்ட்ரத்தின் மூளை இசட்80 என்ற சிப். அது ஒரு கட்டளையை நினைவகத்திலிருந்து எடுக்கும், என்ன சொல்கிறது என்று பார்க்கும், செய்யும், அடுத்ததற்குப் போகும். எமுலேட்டரும் அந்த வேலையையே மென்பொருளாகச் செய்கிறது. இவ்வளவு மட்டும் என்றால் ஓர் இளைஞர் சில வாரங்களில் எழுதிவிடலாம். சிக்கல் நேரக்கணக்கில் இருக்கிறது. ஸ்பெக்ட்ரம் வினாடிக்கு 50 தடவை திரையை வரையும். ஒரு தடவை வரைகிற நேரத்துக்குள் அந்தச் சிப்பின் கடிகாரம் 69,888 தடவை துடிக்கும். அந்தக் காலத்துப் புரோகிராமர்கள் இந்தத் துடிப்பை எண்ணி எண்ணி எழுதினார்கள். திரையின் எந்தக் கோடு வரையப்படும்போது எந்த நிறத்தை மாற்றவேண்டும் என்பதுவரை கணக்கு. போதாததற்கு, திரையை வரைகிற சிப்பும் இசட்80உம் ஒரே நினைவகத்தைக் கேட்டுப் போட்டிபோடும்; அப்போது இசட்80 சற்றுக் காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பையும் எமுலேட்டர் நடித்துக் காட்டவேண்டும். இரண்டு துடிப்புப் பிசகினால் விளையாட்டில் வருகிற வர்ணக் கோடு திரையில் நெளிந்துபோகும். இதற்காகச் சிப்பின் கையேட்டில் எழுதப்படாத குணங்களைக்கூட ஆர்வலர்கள் வருடக்கணக்காகச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு யாரும் இவ்வளவு கவனமாகச் செய்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

சட்டத்திலும் ஒரு முடிச்சு இருந்தது. கணினியோடு பிறந்த 16 கிலோபைட் அடிப்படை மென்பொருள் இல்லாமல் எமுலேட்டர் ஓடாது. அதன் உரிமை 1986இல் சின்கிளேயரின் கணினிப் பிரிவை வாங்கிய அம்ஸ்ட்ராட் நிறுவனத்திடம் போயிருந்தது. 1999இல் அந்த நிறுவனம், எமுலேட்டரோடு சேர்த்து அதைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தது. எல்லா நிறுவனமும் அப்படிக் கொடுப்பதில்லை.

எமுலேட்டரைத் திறந்ததும் பலர் விளையாட்டைத் தேடிப் போவார்கள். என்னைக் கேட்டால் முதலில் ஒரு தமிழ் எழுத்தைப் போட்டுப் பாருங்கள். ஸ்பெக்ட்ரத்தில் நாமே வரையக்கூடிய எழுத்துகளுக்கு 21 இடங்கள் உண்டு. ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டுக் கட்டம். வரிசைக்கு ஓர் எண்ணாக, மேலிருந்து கீழே எட்டு எண்கள் கொடுத்தால் எழுத்து தயார். ‘ட’ வேண்டுமா? 0, பிறகு ஐந்து தடவை 64, பிறகு 126, கடைசியில் 0. அவ்வளவுதான். 64 என்பது இடது பக்கத்தில் ஒரேயொரு புள்ளி, 126 என்பது ஆறு புள்ளி சேர்ந்த அடிக்கோடு. அந்த ஐந்து 64ஐயும் 66 ஆக்கிவிட்டால் வலது பக்கத்திலும் ஒரு கால் முளைக்கும், ‘ப’ வந்துவிடும். மேலேயுள்ள 0ஐ 16 ஆக்கினால் தலையில் ஒரு புள்ளி, ‘ப்’. இப்படியே உற்சாகமாகப் போய் ‘ஞ’ வரும்போது எட்டுக் கட்டத்துக்குள் மூச்சு முட்டும். இரண்டு இடங்களைச் சேர்த்து வரையவேண்டியதுதான். 21 இடத்தில் நம் நெடுங்கணக்கை எப்படி அடக்குவது என்று உட்கார்ந்து யோசித்தால், கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்து மிச்சம்பிடிக்கிற புத்தி தானாக வரும். இதற்கு எமுலேட்டரும் ஒரு பின்னேரமும் போதும்.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது.

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் கொழும்பில் வாழ்ந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். 1982இல் வெளிவந்த அவருடைய ‘2010’ நாவலை அவர் கொழும்பில் ‘ஆர்க்கைவ்ஸ் 3’ என்ற கணினியில் எழுதினார். எழுத உதவியது ‘வேர்ட்ஸ்டார்’ என்ற மென்பொருள். நாவல் முழுவதும் ஒரேயொரு ஐந்து அங்குல டிஸ்க்கில் கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்குப் போனது. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை தரை நிலையத்தினூடாகச் செய்மதி வழியே போயின. பிறகு அந்த நாவல் படமானபோது இயக்குநர் பீட்டர் ஹயம்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்தார். கொழும்புக்கும் அந்த ஊருக்கும் அப்போது பதின்மூன்றரை மணிநேர வித்தியாசம், அவருக்கு விடியும்போது இவர் படுக்கப் போவார். ஆளுக்கொரு கேப்ரோ கணினியும் மோடமும் வைத்துக்கொண்டு இருவரும் தொலைபேசிக் கம்பி வழியாகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1983, 84ஆம் ஆண்டு விஷயம் இது. மின்னஞ்சல் என்றால் என்னவென்று நம் ஊரில் யாரும் கேள்விப்படாத காலம். அந்தக் காலத்து மோடம் ஒன்று வினாடிக்கு 300 பிட், அதாவது ஏறத்தாழ 30 எழுத்துகளை அனுப்பும். ஒரு பக்கக் கடிதம் போக ஒரு நிமிடத்துக்குமேல் ஆகும், வெளிநாட்டு அழைப்புக் கட்டணத்தில். அந்தக் கடிதங்கள் ‘த ஒடிஸி ஃபைல்’ என்ற பெயரில் புத்தகமாகவும் வந்தன.

கேப்ரோ 2 என்பது உலோகத் தகட்டுப் பெட்டி, 12, 13 கிலோ பாரம். ஒன்பது அங்குலப் பச்சைத் திரை, 64 கிலோபைட் நினைவகம், அதே இசட்80 சிப். சாவிப்பலகையை மூடிபோலக் கொளுவிக் கைப்பிடியில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று விளம்பரம் செய்தார்கள். தூக்கியவர்கள் என்ன சொன்னார்களோ! கிளார்க் சேர்த்து வைத்த கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வான்வெளி நூதனசாலைக்குப் போய்விட்டன. ஆனால் கேப்ரோவும் வேர்ட்ஸ்டாரும் எப்படி இருந்தன என்று பார்க்க அமெரிக்கா போகவேண்டியதில்லை. ‘மேம்’ என்ற இலவச எமுலேட்டர் கேப்ரோவைப் போல நடிக்கும். அதில் வேர்ட்ஸ்டாரை ஓடவிட்டுப் பாருங்கள். அம்புக்குறிச் சாவி தேவையே இல்லை. இடதுகைச் சின்னவிரல் கொன்ட்ரோல் சாவியில் இருக்க, பக்கத்திலுள்ள நான்கு எழுத்துச் சாவிகளால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகரலாம். கை பழகிவிட்டால் சாவிப்பலகையை விட்டு விரல் எழும்பாது. அமெரிக்க நாவலாசிரியர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ எழுதியவர், வேர்ட்ஸ்டாரைக் கைவிடாதவர். அது பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். ஓட்டிப் பார்த்தபின் நியாயம் விளங்குகிறது.

ஆங்கிலத்தில் எழுதிய கிளார்க்குக்கு இவ்வளவு வசதி. தமிழுக்கு? 1980களில் கனடாவில் சீனிவாசன் ‘ஆதமி’ என்ற தமிழ்ச் சொற்செயலியை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’வைத் தொடங்கினார். யூனிகோட் புழக்கத்துக்கு வராத காலம், ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் எழுத்துக்குத் தன் விருப்பப்படி எண் கொடுத்தது. ஒன்றில் ‘க’வாக இருக்கிற எண் இன்னொன்றில் வேறேதோ. அந்தக் காலத்து டிஸ்க் ஒன்றை இன்று திறந்தால் வெறும் கிறுக்கல்தான் தெரியும். எழுதிய அதே மென்பொருளை, அது ஓடிய அதே மாதிரிக் கணினியில் திறந்தால் தமிழ் தெரியும். அந்த இடத்தில் எமுலேட்டர் விளையாட்டுச் சாமான் இல்லை, மூக்குக்கண்ணாடி. ஸ்பெக்ட்ரம் ஆர்வலர்கள் அதன் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றைத் தேடித் தேடிச் சேர்த்துவிட்டார்கள். ஈழத்துத் தமிழ் அச்சுக்கு 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் இருக்கிறது. தமிழ் மென்பொருளுக்கும் டிஸ்க்குக்கும் அதே அக்கறையோடு யாராவது உட்காரவேண்டும். சங்க மலர், கோயில் விழா நோட்டீஸ், யாரோ தட்டி வைத்த கவிதை என்று அவற்றில் இருக்கக்கூடியது நம்முடையது. வேறு யாரும் தேடி வரமாட்டார்கள்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படியொரு கசெட்டோ டிஸ்க்கோ இருக்கலாம், லண்டனிலிருந்து யாரோ உறவினர் கொண்டுவந்த கணினியோடு வந்தது. எடுத்தவுடன் பிளேயரில் போட்டுவிடாதீர்கள். கசெட்டை வெளிச்சத்தில் பிடித்துச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சணம். ஓடவிட்டால் பிளேயரின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் பரவும். அதை ஓர் உறையில் தனியாகப் போட்டு, காய்ந்த இடத்தில் வையுங்கள், தெரிந்தவரிடம் கொடுத்துத் துடைப்பிக்கலாம். சுத்தமாக இருந்தால், ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர் போட்டுக் கணினியில் பதியுங்கள். இரைச்சலைக் குறைக்கிற டொல்பியை நிறுத்திவிடுங்கள், டிரெபிளைக் கூட்டுங்கள். ஒலி மங்கலாக இருந்தால் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். கசெட் ஓடும்போதே அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் கீச்சொலி கூர்மையாகிற ஓரிடம் வரும், அங்கே நிறுத்துங்கள். எம்பி3 ஆக வேண்டாம், அது காதுக்குத் தேவையில்லை என்று எண்ணி வெட்டுகிற துணுக்குகள் கணினிக்குத் தேவைப்படும். வேவ் கோப்பாகச் சேமியுங்கள். அதை எமுலேட்டர் படிக்கிற கோப்பாக மாற்ற இலவச மென்பொருள்கள் உண்டு. ஸ்பெக்ட்ரம் கசெட் என்றால், முதலில் ஐந்து வினாடிக்கு ஒரே சீராகக் கூவும், எமுலேட்டர் திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் ஓடும். பிறகு கரகரவென்று நீலமும் மஞ்சளும். அந்த நிறங்கள் வந்துவிட்டால் பதிவைப் படிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கசெட்டின் அட்டையையும், அதில் கையால் எழுதியிருப்பதையும் ஒரு படம் எடுத்துக் கோப்போடு வையுங்கள். பின்னால் அது என்ன புரோகிராம், யார் எழுதியது என்று கண்டுபிடிக்க அதுதான் உதவும்.