கைப்பிள்ளையோடு காரையாறுக்குப் போகும்போது
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)

ஆடி அமாவாசை நெருங்குகிறது. போன வாரம் உள்கடன் கேட்டு வந்த மனுக்களில் பாதிக்கு மேல் "கோயில் செலவு" என்றுதான் எழுதியிருந்தது. சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குத்தான் என்று கேட்காமலே தெரியும். கடனைப் பற்றிப் பிறகு பேசுவோம். இன்றைக்குக் கைப்பிள்ளையோடு போகிறவர்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

போகாதீங்க என்று சொல்ல நாங்கள் வரவில்லை. குலதெய்வம் கோயிலில் பிள்ளைக்கு மொட்டை போட்டு, காது குத்தி, ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவது நம்ம வழக்கம். வருஷம் முழுக்க அடுப்படியிலும் வயல்காட்டிலும் கிடக்கிற பெண்களுக்கு அந்த நாலு நாள்தான் ஓய்வு. ஆனால் அது காடு. 1988-லேயே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் என்று அறிவித்த இடம். எத்தனை நாள் தங்கலாம், எந்த வண்டியில் போகலாம் என்பதை ஒவ்வொரு வருஷமும் அதிகாரிகள் அறிவிப்பார்கள். அதைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

எங்களுக்கு நடந்ததையே சொல்கிறோம். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு குழுவோடு நாங்களும் போய்த் தங்கியிருந்தோம். பக்கத்துக் குடிலில் ஏழு மாதப் பிள்ளை. காலையிலிருந்து வயிற்றாலே போகிறது. "தண்ணி குடுத்தா இன்னும் போகும், பாலையும் நிறுத்து" என்று மாமியார் சொல்ல, அந்தப் பெண்ணும் நிறுத்திவிட்டாள். மாமியாரைக் குற்றம் சொல்லாதீங்க, அவருக்கும் பேரப்பிள்ளைதான். சாயங்காலம் நாங்கள் பார்த்தபோது பிள்ளை அழுகிறது, கண்ணில் தண்ணீர் இல்லை. கண் உள்ளே போய்க் கிடந்தது. வாய் காய்ந்துவிட்டது.

வெட்கத்தோடு சொல்கிறோம், பயிற்சிக்குப் பயிற்சி ஓ.ஆர்.எஸ். பற்றிப் பாடம் நடத்துகிற எங்கள் பையில் அன்றைக்கு ஒரு பொட்டலம்கூட இல்லை. சாரலில் நனைந்துகொண்டே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவ முகாமுக்கு ஓடினோம். அங்கே நர்ஸ் அக்கா பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக உப்புச் சர்க்கரைக் கரைசல் புகட்டி, 108 வண்டியில் கீழே அனுப்பி வைத்தார். பிள்ளை பிழைத்தது. இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை இங்கே சொல்ல மனசு வரவில்லை.

காரணம் என்ன தெரியுமா? பால் புட்டி. ஆற்றுத் தண்ணீரில் அலசி, அதிலேயே பால் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஆறு சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் மேலே எத்தனை ஆயிரம் பேர் இறங்கிக் குளிக்கிறார்கள்! புட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், வேறு தண்ணீரே வேண்டாம். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், அப்போதே குழைத்த சோறு. காலையில் ஆக்கியதை ராத்திரி ஊட்டக் கூடாது. பிள்ளைக்கு ஊட்டுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அதையும் ஆற்றுக்குள் நின்று செய்யாதீங்க.

வயிற்றாலே போனால் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, அடிக்கடி கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், பாதிப் பாதியாகப் போடக் கூடாது. ஒவ்வொரு தடவை போன பிறகும் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர் வரை, பாலாடையிலோ கரண்டியிலோ மெதுவாக. கரைத்தது ஒரு நாளுக்கு மேல் ஆகாது. பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து போடுங்கள். உப்பு கூடினால் ஆபத்து. பிள்ளை துவண்டு கிடந்தாலோ, குடிக்காமல் போனாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ பூசாரியிடம் திருநீறு வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் முகாமுக்குப் போகிற வழியில் வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ராத்திரிக் குளிர் மலையில் வேறு மாதிரி. மொட்டை போட்ட தலைக்குத் தொப்பி அவசியம், பிள்ளை உங்கள் மார்போடு அணைந்து படுக்கட்டும். குளிர் என்று குடிலுக்குள் கங்கு வைத்துத் தார்ப்பாயை மூடிவிடாதீங்க, அந்தப் புகை பெரியவர்களையே கொல்லும். கொசுவத்திக்குப் பதில் சின்ன கொசுவலை கொண்டு போங்கள். சாப்பாட்டை மூடி வைக்காவிட்டால் குரங்கு வரும், பிள்ளையைத் தனியே படுக்கப் போட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீங்க. நாலு பேர் சேர்ந்து போனால் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம், குழுக் கூட்டத்துக்கு வரும்போது அப்படித்தானே செய்கிறோம்.

இன்னொன்று, காட்டுக்குள் பல இடங்களில் செல்போன் எடுக்காது. குடில் போட்ட உடனே மருத்துவ முகாம் எந்தப் பக்கம் என்று வீட்டு ஆம்பளைகளை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் வாங்கி வைத்திருக்கிறோம். கைப்பிள்ளை உள்ளவர்கள் கையெழுத்துப் போடும்போது ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பைக்கும் இரண்டு எடுத்து வைத்துவிட்டோம்.