இசட்: விபத்து என்று எழுதப்பட்ட கொலை

(திரையிடலுக்குப் பின் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே, குற்றம் சாட்டப்பட்ட போலீஸ் அதிகாரிகள் ஒவ்வொருவராக வந்து அதே பூட்டிய கதவைத் தள்ளிப் பார்த்து முழிக்கிற காட்சிக்குக் கைதட்டினீங்க. முதல்முறை பார்த்தபோது நானும் தட்டியவன்தான். இரண்டாம்முறை கை எழவில்லை. அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதலில் நடந்த கதை. 1963 மே 22, கிரீஸின் தெசலோனிக்கி நகரம். கிரிகோரிஸ் லம்பிராகிஸ் மருத்துவர், நீளம் தாண்டும் வீரர், இடதுசாரி நாடாளுமன்ற உறுப்பினர். சமாதானக் கூட்டத்தில் பேசிவிட்டு வெளியே வருகிறார். சுற்றிலும் போலீஸ். அத்தனை போலீசுக்கு நடுவே ஒரு மூன்று சக்கர வண்டி பாய்ந்து வருது. அதிலிருந்தவன் மண்டையில் அடிக்கிறான். ஐந்து நாளில் உயிர் போனது. போலீஸ் சொன்னது: சாலை விபத்து.

இதை வசிலிகோஸ் நாவலாக எழுதினார். கிரீஸில் பிறந்து பிரான்சில் குடியேறிய கோஸ்டா-காவ்ரஸ் 1969இல் படமாக்கினார். 1967 முதல் கிரீஸ் இராணுவக் கர்னல்கள் கையில். அங்கே படம் எடுக்க வழியில்லை. நீங்கள் பார்த்த தெருக்கள் அல்ஜியர்ஸ் தெருக்கள்.

படத்தின் பலம் வேகம் என்பார்கள். படத்தொகுப்புக்கு ஆஸ்கார்கூடக் கிடைத்தது. எனக்கு அது இரண்டாம்பட்சம். பலம் ஒரு சொல்லில் இருக்கு. த்ரந்தினியான் நடித்த விசாரணை நீதிபதி முதலில் 'சம்பவம்' என்றுதான் சொல்கிறார். சாட்சிகள் சேரச் சேர அவர் வாயிலேயே 'கொலை' என்று வந்துவிடுகிறது. ஒரு சொல் மாற எத்தனை பேர் அடிபட வேண்டியிருக்கு! சவப்பெட்டிக்கு மெருகு போடுகிற நிக்கைப் பாருங்க. அரசியலே இல்லாதவன். காதில் விழுந்ததைச் சொல்லக் கிளம்புகிறான்; வழியிலேயே மண்டை உடைகிறது. 'நீயாக விழுந்தாய்' என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து பாடம் சொல்லித் தருகிறார்கள். கூடப் பிறந்தவளே எதிராக நிற்கிறாள். அவன் மாற்றிச் சொல்லல. படத்தின் நாயகன் அவன்தான் என்பேன்.

ஆனால் இயக்குநர் அப்படி நினைக்கவில்லை. இங்கேதான் கோளாறு. நாயகப் பட்டம் நேர்மையான நீதிபதிக்குப் போகிறது. நிஜத்திலும் அந்த நீதிபதி சார்ட்செடாகிஸ் துணிச்சல்காரர்தான். இராணுவ ஆட்சி அவரைப் பதவி நீக்கிச் சிறையில் தள்ளியது, 1985இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அதை மறுக்கவில்லை. ஆனால் ஏதென்ஸில் லட்சக்கணக்கானோர் திரண்ட இறுதி ஊர்வலம் இல்லாமல் அவர் மட்டும் என்ன செய்திருப்பார்? லம்பிராகிஸ் பெயரிலேயே ஓர் இளைஞர் இயக்கம் எழுந்தது. அதன் தலைவர் தியோடராகிஸ். இந்தப் படத்தின் இசை அவருடையது! இசை இருக்கு, இயக்கம் இல்லை. மக்கள் வெறும் கூட்டமாக வந்து போகிறார்கள். 'அவர் வாழ்கிறார்' என்று பொருள்படும் 'இசட்' எழுத்தைச் சுவர்களில் எழுதிய கைகள் யாருடையவை என்று படம் கேட்பதே இல்லை.

அடியாட்கள் விஷயம் இன்னும் மோசம். அவர்களும் ஏழைகள். வண்டி உரிமம், கடை அனுமதி எல்லாம் போலீஸ் கையில். அந்தக் கயிற்றில்தான் அவர்களைக் கட்டி இழுக்கிறார்கள். படம் இதைத் தொட்டுவிட்டு ஓடுகிறது. தடி பிடித்த வாகோவை ஓரினச்சேர்க்கையாளனாகக் காட்டி, அதையே அவன் கேடுகெட்டதனத்துக்கு அடையாளமாக்குகிறது. இது சோம்பேறித்தனம் மட்டுமில்லை, அயோக்கியத்தனம். மனைவியாக வரும் ஐரீன் பாப்பாஸ் எவ்வளவு பெரிய நடிகை. கலங்கி நிற்பதைத் தவிர வேலை இல்லை.

இதையெல்லாம் மீறிக் கடைசிச் சில நிமிடங்கள் படத்தைக் காப்பாற்றுகின்றன. விசாரணைக்கு முன்பே சாட்சிகள் செத்துப்போகிறார்கள். அதிகாரிகள் தப்பிக்கிறார்கள். செய்தி சொன்ன பத்திரிகைக்காரன் சிறையில். பிறகு இராணுவம் தடை செய்தவற்றின் பட்டியல் ஓடுது: சோஃபோக்ளிஸ், டால்ஸ்டாய், பீட்டில்ஸ், நீள முடி, கடைசியில் அந்த ஒற்றை எழுத்து. அப்போ இந்த அரங்கத்தில் சத்தமே இல்லை.

வாகோ பற்றி நான் சொன்னதை ஏற்க முடியாது என்று முன்வரிசைத் தோழர் அப்போதிருந்தே கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்க.