காதின் இரைச்சல்

புனே நகரை அடுத்த போசரித் தொழிற்பேட்டையில் தகட்டை அழுத்தும் பிரஸ்களும், காய்ச்சிய இரும்பை அடிக்கும் சம்மட்டிகளும் நிறைந்த பட்டறைகள் பல. அத்தகைய பட்டறையில் ஷிப்டு முடித்து வீடு திரும்பி, விளக்கை அணைத்துப் படுத்த பின்னரே சிலருக்குத் தொல்லை தொடங்குகின்றது. ஊர் அடங்கிவிடும், காதுக்குள் மட்டும் சில்வண்டு ஓயாது இரையும். பேயென்றும் பித்தென்றும் அஞ்சி, வெளியில் சொல்லாது மறைப்பவரும் உளர். அச்சம் வேண்டுவதில்லை. இது புதிய நோயும் அன்று. பீத்தோவன் என்னும் இசைமேதை, தம் காதுகள் இரவும் பகலும் இரைவதாக 1801இல் நண்பருக்கு எழுதினார்.

உட்செவியில் நத்தைக் கூடுபோல் சுருண்ட உறுப்பொன்று உண்டு. அதிலுள்ள ஏறத்தாழ 15,000 மயிரணுக்களே ஒலியை நரம்புச் செய்தியாக்குகின்றன. கடும் ஓசையில் அவை மடியும். மடிந்தவை மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. செய்தி குறையக் குறைய, மூளை தன் கேட்கும் கூர்மையைக் கூட்டிக்கொள்கிறது. வானொலிப் பெட்டியில் நிலையம் அகப்படாதபோது திருகைக் கூட்டினால் உஸ்ஸென்று ஒலிக்கிறதல்லவா? ஏறக்குறைய அதுவே இது என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து.

கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கூவிப் பேச வேண்டியிருந்தால், அவ்விடத்து ஓசை செவிக்குப் பகை என்று கொள்ளலாம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என வரம்பு கட்டின. மூன்று டெசிபல் ஏறினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிக்கும். ஆகவே செவியடைப்பானைச் சட்டைப்பையில் வைத்திருந்து, மேற்பார்வையாளர் வரும்போது மட்டும் செருகுவதில் பயனில்லை!

இரைச்சலை அறவே ஒழிக்கும் மாத்திரை இன்றளவும் இல்லை. விளம்பரங்களை நம்பிப் பணம் இழக்க வேண்டா. காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றும் பழக்கத்தையும் விட்டொழிக்கலாம். முதலில் மருத்துவரிடம் காட்டுக; சிலருக்குக் குறும்பி அடைப்பே காரணமாயிருக்கும். மிகுதியாக உண்ட ஆஸ்பிரினும், சில ஊசி மருந்துகளும் இதனை உண்டாக்கக்கூடும். கேள்வி குறைந்தோர்க்குக் காதுக்கருவி பூட்டினால் இரைச்சலும் தணிவதுண்டு. இரவில் முழு அமைதியைத் தேடாது, மின்விசிறியோ மெல்லிய இசையோ ஒலிக்கவிடுவது நலம். அஞ்சிக் கவனிக்குந்தோறும் இரைச்சல் பெரிதாகிறது. பொருட்படுத்தாதிருக்க மனத்தைப் பழக்கும் உரையாடல் மருத்துவம் பலருக்கு ஆறுதல் தந்துள்ளது.

ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு ஒத்து ஒலித்தாலோ நாள் கடத்தாது மருத்துவரைக் காணவேண்டும். திடீரென்று காது மந்தமானால் அன்றே காணவேண்டும். அதற்குரிய மருந்து முதற்சில நாட்களிலேயே நன்கு பயன்படும்.